அதிர்ந்து பேசாத பெண்

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போவதற்கு முன்னால், அந்தப் பெண் வேலை செய்கிற இடத்தில் விசாரிப்பார்கள். நேரில் வர மாட்டார்கள். யார் மூலமாகவோ மேலதிகாரியின் நம்பரை வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போன் போடுவார்கள். "ஏனுங்க, ஒரு சின்ன விசாரணைங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பிக்கும். பெண்ணின் ஊர், படிப்பு, சொந்தபந்தம் எல்லாம் அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். நம்மிடம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். பெண் வாய் எப்படி?

கோவையில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் டெஸ்டிங் லேப் என் பொறுப்பில் இருக்கிறது. செய்து முடித்த பம்பு எவ்வளவு உயரத்துக்கு, எவ்வளவு தண்ணீரை, எவ்வளவு கரண்டில் ஏற்றுகிறது என்று அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிற இடம். இருபத்தேழு வருஷ சர்வீஸில் எனக்கு அப்படி வந்த போன்கள் எத்தனையோ. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். "தங்கமான பொண்ணுங்க. இருக்கற எடம் தெரியாது. அதிர்ந்து ஒரு வார்த்த பேசாது." நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்தத் தங்கமான பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, ஒயரை மாற்றிக் கொடுத்த எலக்ட்ரீஷியனைக் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருப்பாள். எனக்கு அதில் ஒரு உறுத்தலும் இருந்ததில்லை. ஒரு பெண்ணின் கல்யாணம் என் நாக்கு நுனியில் நிற்கும்போது உண்மை பேச நான் என்ன கோர்ட்டிலா நிற்கிறேன்?

அந்தப் பதிலை ஒரே ஒரு தடவை வேறு ஓர் இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். லேப்பில் எனக்குப் 'பிரஷர் கேஜ்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதை என் முகத்துக்கு நேராகச் சொன்னவள் ஒருத்திதான். நான் அந்தப் பதிலை எழுதிக் கொடுத்ததும் அவளுக்காகத்தான். எங்கள் லேப்பில் ஐந்து வருஷம் இன்ஜினீயராக இருந்தாள். சேர்ந்த ஆறாவது மாதம் நான் யாரையோ வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "மேடம், கேஜ் செவப்புக்குப் போகுதுங்க" என்றாள். சுற்றி நின்றவர்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. நான் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து மதியச் சாப்பாடு அவளோடுதான்.

சோமனூர்ப் பெண். வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள் உரக்கப் பேசுவார்கள், காதும் கொஞ்சம் மந்தமாக இருக்கும். இவள் மெதுவாகத்தான் பேசுவாள். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விட மாட்டாள். தினமும் காலையில் பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்குவாள். அந்த ரயிலிலேயே நின்றுகொண்டு ஜெர்மன் படித்தாள். சனி, ஞாயிறு வகுப்பு. ஒரு வருஷத்துக்கு மேல் விடாமல் போனாள். நான் குரலை உயர்த்தினால் "லாங்சாம் மேடம், லாங்சாம்" என்பாள். அந்த ஊர்ப் பேச்சில் மெதுவாக என்று அர்த்தமாம். லேப்பில் உள்ளவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஜெர்மன் வார்த்தை அதுதான்.

இத்தனை படிப்பும் ஒரு திட்டத்துக்காக. இளம் இன்ஜினீயர்களை ஒரு வருஷம் ஜெர்மனிக்கு அழைத்துப்போய், அங்கே ஒரு தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் வேலை கொடுக்கிறார்கள். தங்குவது அந்த ஊரில் ஒரு குடும்பத்தோடு. அவர்களுடைய சாப்பாடு, பேச்சு, பண்டிகை எல்லாவற்றிலும் கலந்துகொள்ள வேண்டும், நம்முடையதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த ஆய்வுக்கூடத்தில் குழாய்களை ஆள் நடந்து போகிற அளவுக்கு வைத்திருப்பார்கள் என்று போனில் படம் காட்டுவாள். மற்றவர்கள் நகைக்கடை விளம்பரத்தைப் பார்க்கிற மாதிரி அவள் அந்தக் குழாய்களைப் பார்ப்பாள். முப்பது வயது முடிந்தால் விண்ணப்பிக்க முடியாது. அவளுக்கு அப்போது இருபத்தொன்பது முடிந்து நாலு மாதம்.

அவள் அப்பா ஒருநாள் என்னைப் பார்க்கக் கம்பெனிக்கு வந்தார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, கேட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்த மனுஷன். செருப்பைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லித் திரும்ப அனுப்ப வேண்டியிருந்தது. உட்காரச் சொன்னால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"என்ற பொண்ணு என்னமோ ஜெர்மனிங்குதுங்க. நீங்க சொன்னா சேரியா இருக்குமுங்க" என்றார்.

நல்ல திட்டம், நம்பி அனுப்பலாம் என்று சொன்னேன்.

"எனக்கும் அனுப்பக் கூடாதுன்னு இல்லீங்க. படிக்க வச்சவன்தானுங்களே நானு. ஆனா வயசு இருபத்தொம்போது ஆகிப்போச்சு. வந்த எடத்தையெல்லாம் தட்டிக் கழிச்சுட்டே இருக்குதுங்க. இந்த ஒரு தடவ எழுதட்டும். கெடச்சா ஒரு வருஷம் போயிட்டு வரட்டும், நான் குறுக்க நிக்க மாட்டேன். கெடைக்கலீன்னா பொள்ளாச்சியில ஒரு நல்ல எடம் வந்திருக்குது. அதுக்கு மேல தள்ள முடியாதுங்க. இதுக்கு அதும் ஒத்துக்கிச்சுங்க."

நான் தலையாட்டினேன். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "என்னமோ நீங்க ஒரு கடுதாசி குடுக்கோணுமாமாங்க. நல்ல பொண்ணுன்னு எழுதுங்க மேடம். வாய் பேசற பொண்ணுன்னு ஒருத்தன் சொல்லிரக் கூடாதுங்க. அது எங்க போனாலும் கூடவே வரும்."

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? எனக்கு இருபத்தெட்டு வயதில் இத்தாலியில் மூன்று மாதப் பயிற்சிக்குக் கம்பெனியிலிருந்து ஆள் எடுத்தார்கள். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. அப்போதைய மேனேஜர் என் காதுபடவே, "அது வாயாடிங்க, அங்க போயும் நம்ம மானத்த வாங்கிரும்" என்று சொல்லி என் பெயரை அடித்துவிட்டார். எனக்குப் பதிலாகப் போனவன் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்து சாக்லேட் கொடுத்தான். அதை வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். வேலை தெரிந்தால் மட்டும் போதாது, வாயாடி என்று பேர் எடுக்காமலும் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு என் மண்டையில் ஏறியது பிறகு இறங்கவே இல்லை.

இப்போது நடுவில் நடந்த ஒரு சண்டையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

அவள் அப்பா வந்து போவதற்கு ஒரு வருஷம் முன்பு, வெளிநாட்டுக்குப் போக வேண்டிய பம்புகள் எங்கள் லேப்பில் வரிசையாகத் தேறிக்கொண்டிருந்தன. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அவள் மட்டும் என் மேஜைக்கு வந்து, "மேடம், இவ்வளவு தண்ணி இந்தப் பம்பு தராதுங்க. மீட்டர்தான் கூடக் காட்டுது" என்றாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆத்திரம். அந்த மீட்டரை வாங்கி மாட்டியது நான். மூன்று மாதம் முன்பு சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். "நீ பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி இருந்து நான் தண்ணி அளக்கறேன், போய் வேலையப் பாரு" என்றேன். போகவில்லை. மறுநாளும் வந்தாள். "உப்புத் தண்ணிங்க மேடம். குழாய்க்குள்ள உப்பு படிஞ்சிருக்கும். வழி சுருங்குனா தண்ணி வேகமா ஓடும், மீட்டர் அத அதிகத் தண்ணின்னு எடுத்துக்குமுங்க." நான் எல்லோருக்கும் முன்னால் அவளைப் பார்த்து, "உனக்கு ரொம்பத் தெரிஞ்சுபோச்சோ?" என்று கத்தினேன். அவள் முகம் சிவந்தது. ஆனால் நகரவில்லை. "கத்துனா மீட்டர் சரியாகாதுங்க மேடம். அளந்து பாத்தரலாமுங்க" என்றாள், அதே மெதுவான குரலில்.

மூன்றாம் நாள் அவளே அளந்துவிட்டாள். லேப்பின் பின்னால் பழைய அளவுத் தொட்டி ஒன்று கிடந்தது. அதைக் கழுவி, பம்புத் தண்ணீரை அதில் விட்டு, கையில் ஸ்டாப்வாட்ச்சை வைத்துக்கொண்டு பத்துத் தடவை நிரப்பியிருக்கிறாள். பத்து அளவையும் ஒரு தாளில் எழுதி என் மேஜையில் வைத்தாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. தாளைப் பார்க்காமலே தள்ளிவிட்டேன். அவள் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். மீட்டரைக் கழற்றச் சொன்னேன். உள்ளே சுண்ணாம்பு அடித்த மாதிரி உப்பு.

லாரியில் ஏற்றிய பெட்டிகளை இறக்கினோம். மேலிடத்துக்கு நான் எழுதிய அறிக்கையில், 'மீட்டரில் உள்ள பிழையை டெஸ்டிங் லேப் கண்டுபிடித்தது' என்று எழுதினேன். அவள் அதைப் படித்தாள். மடித்துக் கோப்பில் வைத்தாள். ஒரு வாரம் கழித்து நான் கொண்டுபோன கொள்ளுப் பருப்பை அவள் தட்டில் போட்டு, "சாப்பிடு கண்ணு" என்றேன். அதுதான் என் மன்னிப்பு. அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள் என்று நினைத்திருந்தேன்.

அவள் அப்பா கடுதாசி என்று சொன்னது ஈமெயிலில் வந்த ஒரு படிவம். மேலதிகாரி நிரப்பி நேராக அவர்களுக்கே அனுப்ப வேண்டும், விண்ணப்பிக்கிறவர் பார்க்கக் கூடாது. கேள்விகள் வரிசையாக இருந்தன. எத்தனை வருஷமாகத் தெரியும், வேலை எப்படி, மற்றவர்களோடு எப்படிப் பழகுவார். எல்லாவற்றுக்கும் மனதாரப் புகழ்ந்து எழுதினேன். கடைசியில் ஒரு கேள்வி. விண்ணப்பதாரர் உங்களோடு உடன்படாமல் வாதாடிய ஒரு சம்பவத்தை விவரிக்கவும், அவர் அதை எப்படிக் கையாண்டார்?

படித்ததும் எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. இதென்ன கேள்வி? ஒரு பெண்ணை வாயாடி என்று எழுத்தில் கொடுக்கச் சொல்லித் தூண்டில் போடுகிறார்களா? மதிய நேரத்துப் போனில் வருகிற அந்தக் குரல்தான் எனக்குக் கேட்டது. 'பொண்ணு வாய் எப்படிங்க?' விரல் தானாக அடித்துவிட்டது. 'அப்படி ஒரு சம்பவம் இதுவரை நடந்ததே இல்லை. அவர் பெரியவர்களை எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசாதவர். நல்ல குடும்பத்துப் பெண். யாரோடும் அனுசரித்துப் போவார்.' இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். திருப்தியாக இருந்தது. அனுப்பிவிட்டு அவளைக் கூப்பிட்டு, "உன்னப் பத்தி எழுதுனதுல ஜெர்மன்காரன் மயங்கி விழுந்துருவான் போ" என்றேன்.

நேர்காணல் அவிநாசி ரோட்டில் ஓர் ஓட்டலில் நடந்தது. இளநீலக் காட்டன் புடவை கட்டிக்கொண்டு லேப்புக்கு வந்துவிட்டுப் போனாள். மதியத்துக்கு மேல் திரும்பி வந்தவளிடம், "எப்படிப் பண்ணுனே?" என்று கேட்டேன். "பண்ணியிருக்கறனுங்க" என்றாள். என்னென்ன கேட்டார்கள் என்றேன். "எல்லாம் வேலையப் பத்தித்தானுங்க" என்று சொல்லிவிட்டுப் பம்பை மாட்டப் போய்விட்டாள். களைப்பு என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து மெயில் வந்தது. என்னிடம் வந்து, "கெடைக்கலீங்க மேடம்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவர்களுக்கு ஆளைப் பார்க்கத் தெரியவில்லை, கண் அவிந்து போய்விட்டதா, யாராவது சிபாரிசு பிடித்திருப்பான் என்று வாய் வலிக்கத் திட்டினேன். அவள் நான் ஓயும்வரை நின்றாள். லாங்சாம் என்று சொல்லவில்லை. கடைசியில், "நீங்க எனக்காக எழுதிக் குடுத்ததுக்கு நெம்ப நன்றிங்க மேடம்" என்றாள். அட, இதுக்கெல்லாம் எதுக்கு நன்றி என்று அவள் கையைத் தட்டிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் பொள்ளாச்சியிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா. தேங்காய் வியாபாரக் குடும்பம், நல்ல மரியாதையான பேச்சு. "பொண்ணு எப்படிங்க?" என்றார். தங்கமான பெண், இருக்கிற இடம் தெரியாது, அதிர்ந்து பேச மாட்டாள் என்று எப்போதும் சொல்வதையே சொன்னேன். ஜெர்மனிதான் இல்லை என்று ஆகிவிட்டது, இதுவாவது நன்றாக அமையட்டும் என்று கூடுதலாக இரண்டு வார்த்தை சேர்த்துக்கூடச் சொன்னேன். வைகாசியில் கல்யாணம். மண்டபத்தில் அவள் அப்பா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்ன ஒரு வார்த்தையிலதானுங்க எடம் முடிஞ்சுது" என்றார். நான் பெருமையாகத்தான் சாப்பிட்டேன். தினமும் பொள்ளாச்சியிலிருந்து வந்து போக முடியாது என்று கல்யாணத்துக்கு முன்பே வேலையை ராஜினாமா செய்துவிட்டாள்.

மறு வருஷம் அந்தத் திட்டத்துக்காரர்களே எனக்கு எழுதினார்கள். இந்த முறை தேர்வுக் குழுவில் தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து ஒருவர் வேண்டும், வர முடியுமா என்று. நம்மை மதித்துக் கூப்பிடுகிறார்களே என்று போனேன். அதே ஓட்டல். குழுவில் ஐந்து பேர். தலைவராக ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், எங்கள் பக்கத்து மனிதர்தான். காலையில் மூன்று பேரைப் பார்த்து முடித்து டீ குடிக்க எழுந்தோம். நான் புதிது என்பதால் அவர் எனக்கு விவரம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"பேசறத மட்டும் நம்பிரக் கூடாதுங்க மேடம். மேலதிகாரி எழுதுனதையும் வச்சுப் பாக்கோணும். போன வருஷம் ஒரு பொண்ணுங்க, பம்பு கம்பெனிதான். மேலதிகாரியோட வாதாடுன ஒரு சம்பவம் சொல்லுன்னு கேட்டோம். இத நாங்க எல்லார்த்துகிட்டயும் கேப்போம், இதுக்குத்தான் மார்க் அதிகம். அங்க போனா ஆய்வுக்கூடத்துல பெரியவங்க சொல்றத அப்படியே தலையாட்டிட்டு இருந்தா ஆகாதுங்களே. அந்தப் பொண்ணு அருமையாச் சொல்லுச்சுங்க. மீட்டர் தப்பாக் காட்டுச்சாம், மூணு நாளு சண்டையாம், தொட்டியில அளந்து நிரூபிச்சுதாம். ஒரு வார்த்த அந்த மேலதிகாரியக் கொறச்சுச் சொல்லலீங்க. நாங்க அஞ்சு பேரும் இந்தப் பொண்ணுதான்னு மனசுல முடிவு பண்ணிட்டோம்."

கோவையில் கல்லெறிந்தால் பம்பு கம்பெனி மேல்தான் விழும். குழுவுக்கு வருகிற தாளில் மேலதிகாரியின் பேரும் மறைத்திருக்கும், அது நான்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் டீயைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"அப்பறம் குழுவில இருந்த ஒரு ஜெர்மன் அம்மா மேலதிகாரி எழுதுன பேப்பர எடுத்துப் படிச்சாங்க. அதுல, அப்படி ஒரு சம்பவம் நடந்ததே இல்லைன்னு இருக்குது. 'எதும்மா உண்மை?'ன்னு கேட்டாங்க. பொண்ணு அந்தப் பேப்பரப் பாத்துச்சுங்க. அப்பறம், 'அவங்க எழுதுனதுதான் சரிங்க, நான்தான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிப்போட்டேன்'னு ஒத்துக்கிச்சு. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா, கத கட்டற பொண்ண எப்படிங்க அனுப்பறது?"

ஊரெல்லாம் கேட்கும்படி கத்துகிற நான், அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "அது பொய் சொல்லலீங்க. நான் எழுதுனதுதான் பொய்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க அப்படி எழுதுனீங்க?" என்று கேட்டார். கோபமில்லாமல், நிஜமாகவே விளங்காமல் கேட்டார்.

"நல்லது பண்றதா நெனச்சுங்க" என்றேன். இன்னொரு தடவை அவளைக் கூப்பிட்டுப் பார்க்க முடியாதா, நானே எழுதித் தருகிறேன், கம்பெனி முத்திரையோடு தருகிறேன் என்று கெஞ்சினேன். வாழ்க்கையில் நான் கெஞ்சியது குறைவு. அவர் அவள் வயதைக் கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார். "முப்பது முடிஞ்சு போச்சுங்களே மேடம். விதிய நாம மாத்த முடியாது" என்று சொல்லிவிட்டு என் கையிலிருந்த கோப்பையை வாங்கி மேஜையில் வைத்தார். மீதி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரிடம் என்ன கேட்டேன் என்று நினைவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி பஸ் ஏறினேன். போனில் சொல்கிற விஷயமா இது? உக்கடத்தில் ஏறியதிலிருந்து கிணத்துக்கடவு தாண்டும்வரை எனக்கு நானே பேசிக்கொண்டு போனேன். அவளுக்கு நல்லது நினைத்துத்தானே எழுதினேன், வாயாடி என்று பேர் வாங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா என்று ஒரு வக்கீல் எனக்குள் உட்கார்ந்து வாதாடினான். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் எழுதியிருந்தால், நான் மூன்று நாள் கத்தியதையும், கடைசியில் தப்பு என்னுடையதாக இருந்ததையும் என் கையாலேயே எழுதியிருக்க வேண்டும். விரல் அத்தனை வேகமாக 'நடந்ததே இல்லை' என்று அடித்ததற்கு அதுவும் காரணம். இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

வீடு தென்னந்தோப்புக்கு நடுவே. வாசலில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. மாமியார்தான் முதலில் வந்தார். என்னைத் தெரிந்ததும் முகமெல்லாம் சிரிப்பு. இளநீர் வெட்டச் சொன்னார். "நீங்க அன்னைக்குப் போன்ல சொன்னது அச்சு அசல் உண்மைங்க. ஊட்டுக்குள்ள பொண்ணு இருக்குதான்னே தெரியாதுங்க. ஒரு குத்தம் சொல்ல முடியாது" என்றார். நல்ல மனுஷி. அவர் புகழப் புகழ நான் இளநீரைக் கையிலேயே வைத்திருந்தேன்.

அவள் வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். "வாங்க மேடம், சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பனுங்களே" என்றாள். மாமியார் எங்களை விட்டுவிட்டு உள்ளே போனார். லேப்பைப் பற்றிக் கேட்டாள். புதிதாக வந்த மோட்டாரைப் பற்றி நான் சொல்ல ஆரம்பித்ததும் அவள் கண் ஒரு நொடி பழையபடி ஆனது. "எபிஷியன்சி எவ்வளவு வருதுங்க?" என்று கேட்டாள். சொன்னேன். மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டுவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்று நிறுத்திக்கொண்டாள். பழையவளாக இருந்தால் எப்படி அளந்தீர்கள் என்று ஒன்பது கேள்வி கேட்டிருப்பாள்.

சுற்றி வளைக்க எனக்கு வராது. "அந்த இன்டர்வியூல நடந்தது எனக்குத் தெரிஞ்சு போச்சு கண்ணு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கொப்பரையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் எழுதுனது தப்புன்னு அங்கயே சொல்லியிருக்கலாமே. உன்னையே எதுக்குப் பொய்க்காரியாக்கிட்டே?"

"நான் அது தப்புன்னு சொன்னா, நீங்க பொய் எழுதுனதா ஆயிருமுங்களே மேடம். வெளிநாட்டுக்காரங்க முன்னாடி, அத்தன பேர் உக்காந்திருக்கறப்ப, உங்கள எப்படிங்க அப்படிச் சொல்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எழவு வீட்டில்கூட அழாதவள் நான். அழுகையோடு கோபமும் சேர்ந்து வந்தது, என் மேல் வந்ததையும் அவள் மேல்தான் காட்டத் தெரிந்தது. "சரி, அங்க சொல்லல. திரும்பி வந்து என்கிட்டயாவது கேட்டிருக்கலாமே. ஏன் இப்படி எழுதித் தொலச்சீங்கன்னு என்கூடச் சண்ட போட்டிருக்கலாமே. அன்னைக்கே கேட்டிருந்தா நான் ஓடிப்போய் அவங்ககிட்ட மாத்திச் சொல்லியிருப்பேனே. மூணு வாரம் இருந்துச்சே. நன்றி சொன்னியே, ஒரு சண்ட போட்டியா?"

புடவைத் தலைப்பை எடுத்து என் கையில் சிந்தியிருந்த இளநீரைத் துடைத்துவிட்டாள்.

"உங்ககூட ஒரு தடவ சண்ட போட்டனுங்க மேடம்" என்றாள். "அத நடக்கவே இல்லைன்னு எழுதிப்போட்டீங்களே."

குரலில் கொஞ்சம்கூடக் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருப்பேன்.